கிடைச்சது வேற, பதில் வேற

யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல எனக்கு வராது. கடைக்காரனுக்கு அது வரவும் கூடாது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே படியேறிப் போகிற சந்தில், போன் பேச, போட்டோகொப்பி எடுக்க, இன்டர்நெட் பார்க்க என்று ஒரு கொமினிக்கேஷன் கடை வைத்திருந்தேன். யார் எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்பேன். கேட்டவர்களும் அர்த்தம் புரிந்து எழுந்து போய்விடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுக்க வந்தவள் அவள்.

ஒரு மழை நாள் முற்பகலில் நனைந்த குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கடை மூலையில் ஒரு கம்பியூட்டர் பெட்டி வைக்க இடம் தருவீர்களா என்று கேட்டாள். அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், என்னுடைய இன்டர்நெட் லைனில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், வாடகையை அவள் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் தரும் என்றாள். நான் பழக்கதோஷத்தில் 'பார்ப்போம் தங்கச்சி' என்றேன். அவள் நகரவில்லை.

"பார்ப்போம்னா ஆமாவா, இல்லையா அண்ணே?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. நான் நிக்கிறேன்."

நின்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, பெருமூச்சு விடவில்லை. போட்டோகொப்பிக்கு வந்தவர்களுக்கு வழி விட்டுவிட்டு, சுவரோடு ஒண்டி நின்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளையை நிற்க வைத்துவிட்டு நான் எப்படிச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பது? 'சரி, வச்சுத் தொலை' என்றேன். 'இல்லைன்னு சொல்லியிருந்தாலும் அப்பவே போயிருப்பேன்' என்று சிரிக்காமல் சொன்னாள். அது உண்மைதான் என்று பழகிய பிறகு தெரிந்தது.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசைக் காம்பராக்களான லயத்தில் பிறந்தவள். அம்மா அப்போதும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். இவள் படித்து, கொழும்பில் புரோகிராம் எழுதும் வேலை பார்த்து, பிறகு அதை விட்டுவிட்டு இந்த நிறுவனத்தோடு மலைக்குத் திரும்பி வந்திருந்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு பக்கத்தைத் தடுத்து, நிறுவனம் ஒரு கம்பியூட்டரும் கம்பியில்லாத போன் ஒன்றும் வைத்துக் கொடுத்திருந்தது. தோட்டத்து ஆட்கள் இன்டர்நெட் பார்க்க வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் மழை இறங்கினால் அங்கே சிக்னல் செத்துவிடும். ஒரு பக்கம் பாதி வரும், அறுந்துபோகும், மறுபடி தலையிலிருந்து தொடங்கும், மறுபடி அறும். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் பெயரின் முதல் பாதியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கு அவள் செய்த மருந்தை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். பிடிபட்ட அளவில் சொல்கிறேன். இன்டர்நெட் பக்கம் என்றால் முழுதாக வந்து சேரும்வரை லைன் அறாமல் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பும் சாட் செய்தி அப்படியல்ல. அது சின்னது. லைன் அறுந்தால் காத்திருக்கும், லைன் வந்ததும் கிளம்பும், சேர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று ஒரு குறிப்பு வரும். ஆகவே தோட்டத்தில் ஒருவர் கேட்கும் பக்கத்துக்கான கோரிக்கையை அவளுடைய புரோகிராம் ஒரு சாட் செய்திக்குள் மடித்து என் கடை மூலைக்கு அனுப்பும். கடைப் பெட்டி என் லைனில் போய் அந்தப் பக்கத்தை எடுத்து, படங்களைக் கழித்துவிட்டு, எழுத்தை மட்டும் துண்டு துண்டாக நறுக்கி, வந்த வழியே திருப்பி அனுப்பும். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இலக்கம் இருந்ததால் எந்தத் துண்டு முந்தினாலும் பிந்தினாலும் உரிய கேள்வியோடு போய் ஒட்டிக்கொள்ளும். இடையில் கொழும்பிலோ வேறெங்கோ ஒரு பெரிய மெசின் இருந்து வாங்கிக் கொடுப்பதில்லை. இரண்டு பெட்டிகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டன. ரெண்டும் சரிசமம், நடுவுல கங்காணி கிடையாது என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

திரையில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரி. போய்ச் சேர்ந்துவிட்டால் மஞ்சள். பதில் வந்தால் பச்சை. புதிதில் நான் மஞ்சளைப் பார்த்தே வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவேன். அவள் விடமாட்டாள். "கிடைச்சது வேற, பதில் வேற அண்ணே" என்பாள். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவளுடைய திரையில் அது பச்சைதான். இது என்ன கூத்து, இல்லை என்பதற்கு எதற்குப் பச்சை என்று கேட்டேன்.

"இல்லைங்கிறதும் பதில்தான். கேட்டவன் எந்திரிச்சு வேற வேலையப் பாக்கலாமில்ல."

இவ்வளவும் எதற்காக என்பதை முதல் மாதமே சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் இருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. முதலில் விரல் நுழைகிற வெடிப்பு. அடுத்த மழையில் கை நுழைந்தது. அதற்கடுத்த மழையில் யாரோ வீட்டுக் கோழி உள்ளே விழுந்து, எடுக்க முடியாமல் கத்திக் கத்திச் செத்ததாம். அந்த லயத்துக் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று தோட்ட ஆபீசிலும் நகரத்து அரசாங்கக் கந்தோர்களிலும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு இடம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், மேட்டில் மூடிக் கிடக்கும் பழைய ஸ்டோரையாவது மழைக்காலத்துக்குத் திறந்து விடுங்கள் என்றாள். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். எல்லா இடத்திலிருந்தும் மரியாதையாக ஒரே விஷயம் வந்தது. உங்கள் கோரிக்கை கிடைத்தது.

பிள்ளைக்காம்பராவின் ஆயாம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பியூட்டர் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 'வேணுங்கிறத இந்த இடத்துல எழுதிக் கேளுங்க ஆயாம்மா' என்று இவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். இணைய முகவரி எழுத வேண்டிய இடம் அது. ஆயாம்மா தொட்டில் ஆட்டுகிற கையை விட்டுவிட்டு ஒற்றை விரலால், 'மஸ்கெலியா கடையில் மண்ணெண்ணெய் வந்திருச்சா' என்று எழுதி அனுப்பிவிட்டார். என் கடைப் பெட்டி அந்தப் பெயரில் உலகத்தில் ஒரு முகவரி இருக்கிறதா என்று தேடிக் களைத்துப்போனது. அவரைப் பார்த்து லயம் முழுக்க அப்படியே கேட்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இருக்கிறாரா, நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஓடுகிறதா, தங்கச்சி பிள்ளை பெற்றுவிட்டாளா.

வேறு யாராக இருந்தாலும் ஆயாம்மாவைத் திருத்தியிருப்பார்கள். இவள் புரோகிராமைத் திருத்தினாள். முகவரியாக இல்லாத கேள்வி வந்தால் கடைத் திரையில் மணியடித்துவிட்டு நிற்கும். யாராவது பதிலை எழுதினால் அது இணையப் பக்கம் போலவே தோட்டத்துக்குப் போகும். அந்த யாராவது யார்? நான்தான். வயசு போன காலத்தில் நான் ஒரு வெப்சைட் ஆனேன். மஸ்கெலியாக் கடைக்குப் போன் போட்டு மண்ணெண்ணெய் விசாரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஏச்சு வாங்கினேன். ஒருநாள் அலுப்பில் ஒரு கேள்விக்குப் 'பார்ப்போம்' என்று எழுதிவிட்டேன். போவதற்குள் அவள் கண்டுவிட்டாள். எட்டி அழித்துவிட்டு, 'அங்க ஒருத்தி அடுப்பப் பத்தவைக்காம ஒக்காந்திருப்பா அண்ணே' என்று மட்டும் சொன்னாள். நான் மறுபடி போனை எடுத்தேன்.

இரண்டும் சரிசமம் என்று சொன்னாளே, அதை வாய்ப்பேச்சாக விடவில்லை. பிள்ளைக்காம்பரா முற்றத்தில் மழை அளக்கும் போத்தல் ஒன்றை நட்டாள். ஆயாம்மா காலையில் அளவைப் பார்த்துக் கம்பியூட்டரில் போடுவார். இங்கிருந்து கேட்டால் தோட்டத்துப் பெட்டி பதில் சொல்லும், இன்று மழை இவ்வளவு என்று. கந்தோர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தாள், நீங்கள் கேட்டால் போதும், எங்கள் தோட்டம் பதில் சொல்லும் என்று. ஒருவரும் கேட்கவில்லை. தினமும் காலையில் அவளே கேட்பாள். அவள் வராத நாளில் நான் கேட்பேன். பச்சை விழும்.

மூலையில் ஒரு முக்காலியில், குளிருக்கு இரண்டு காலையும் பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பழுப்பு நிற ஸ்வெட்டர், முழங்கையில் ஒட்டு. இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கி வைத்தால் மஞ்சள் வரி பச்சையாகும்வரை தொடமாட்டாள். அதற்குள் அது ஆறிப்போகும். ஆறினதையே குடிப்பாள். ஒரு தடவை பொலிசார் வந்து, இந்தப் பெட்டி எந்நேரமும் யாரோடு பேசுகிறது என்று அதட்டினார்கள். யுத்த காலம் அல்லவா, நான் பெட்டியின் வயரைப் பிடுங்கப் போனேன். அவள் நல்ல சிங்களத்தில் மண்ணெண்ணெயிலிருந்து மழைப் போத்தல் வரை ஒன்று விடாமல் விளக்கினாள். கேட்டுக் கேட்டு அவர்களுக்குத்தான் அலுத்துப்போனது. போகிற அவசரத்தில் ஒருவர் தொப்பியைக் கூட மறந்து திரும்பி வந்தார்.

எல்லாரும் என்னைப் போலச் சகித்துக்கொள்ளவில்லை. அவளைப் பெண் பார்க்க இறம்பொடைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து போனது. பலகாரம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று கிளம்பினார்கள். நம் ஆட்கள் பெண் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கிழமை பார்த்துவிட்டு என் கடை போனிலிருந்தே மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டாள். 'ஐயா, சொல்லி அனுப்புறோம்னு சொன்னீங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிருங்க, எங்கம்மா தினமும் வாசலைப் பாக்குறாங்க' என்றாள். அந்த மனிதர் இருமினார், ஜாதகம் என்றார், பையனின் மாமா என்றார். இவள் இருமல் முடியும்வரை காத்திருந்து மறுபடி அதையே கேட்டாள். கடைசியில் 'இல்லம்மா' என்றார். 'ரொம்ப நன்றிங்க ஐயா' என்று போனை வைத்தாள். பேசினதற்கான காசை எண்ணி மேசையில் வைத்தாள். எனக்கு அவள் மேல் எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. உனக்கெதற்கம்மா இந்த வேலை என்று கேட்டதற்கு, அம்மா இன்னிக்கு நேரத்தோட தூங்குவாங்க என்றாள்.

எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை ஒன்று நடந்தது. ஒரு மாதமாக என் லைன் ஆமை வேகத்தில் போனது. வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். பார்த்தால் அவளுடைய பெட்டிதான், செத்துப்போன ஏதோ ஒரு கந்தோர்ப் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை தரம் கேட்டுவிட்டு நிறுத்தும் என்றேன். நிறுத்துவதை எழுதவே இல்லை என்றாள்.

"பதில் வரலைன்னா, வரலைன்னு மெசினையே சொல்லவிட வேண்டியதுதானே? அங்க ஆயாம்மா மஞ்சளப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கு."

"அடுத்தவன் சொல்ல வேண்டிய பதில நாம எப்படிச் சொல்றது அண்ணே?"

அப்படித்தான் அவளுடைய அப்பாவின் கதை வெளியே வந்தது. அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு பெருமழை. லயத்துக்குள் தண்ணீர். அப்பா ஆபீசுக்கு ஓடி, ஸ்டோரில் ஒரு பக்கம் ஆட்களை இருக்க விடலாமா என்று கேட்டிருக்கிறார். கிளாக்கர் எதையோ எழுதிக்கொண்டே 'ஆ, சரி சரி' என்றிருக்கிறார். நீ சொன்னது காதில் விழுந்தது என்று அதற்கு அர்த்தம். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஸ்டோர்க் கதவைத் திறந்துவிட்டார். மழை விட்டதும் விசாரணை. யார் அனுமதி கொடுத்தது? கிளாக்கர் தான் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அப்பாவுக்கு வேலை போனது. அம்மாவின் பேரில் லயத்துக் காம்பரா தப்பியது. அதற்குப் பிறகு அவர் அந்தக் காம்பராவை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

இதைக் கேட்ட பிறகு நான் லைனைப் பற்றிப் பேசவில்லை. ஆமை வேகத்திலேயே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டி, விடிந்தும் விடவில்லை. மஸ்கெலியாப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. அவள் ஹட்டனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தவள், வீட்டுக்குப் போக வழியில்லாமல் நேரே கடைக்கு வந்துவிட்டாள். தோட்டத்துக்குப் பேச்சுப் போன் எடுபடவில்லை. அவளுடைய செய்திகள் மட்டும் எப்படியோ இடுக்கில் நுழைந்து வந்து போய்க்கொண்டிருந்தன. மணியடித்தது. ஆயாம்மா எழுதியிருந்தார். 'வெடிப்புல தண்ணி இறங்குது. ஸ்டோருக்குப் போகலாமா'.

வரி மஞ்சளாக நின்றது.

தோட்ட ஆபீசுக்குப் போட்டோம். அந்த லைன் கிடைத்தது. தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பில் இருக்கிறார், சொல்கிறோம் என்றார்கள். கொழும்பில் கம்பெனிக்குப் போட்டோம். உரியவரிடம் சொல்கிறோம் என்றார்கள். நகரத்துக் கந்தோரில் உங்கள் முறைப்பாடு கிடைத்தது, மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். ஒருவர்கூடக் கடிந்து பேசவில்லை, எல்லாரும் நல்ல மாதிரித்தான் பேசினார்கள். நான் ஒரு போனில், அவள் ஒரு போனில். கடைக்கு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பினேன். மறுபடி மணி. 'என்ன சொன்னாங்க'. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. 'பாப்பா இருக்கியா'. ஆயாம்மாவுக்கு இவள் பாப்பா.

லயத்து ஆட்கள் தாங்களாகவே எழுந்து போக வேண்டியதுதானே என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்கலாம். தோட்டத்தில் ஒரு வாழைக்கன்று வைப்பதென்றாலும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். ஸ்டோர்ப் பூட்டைத் தொட்ட மனிதனுக்கு என்ன ஆனது என்பதை அந்த லயம் கண்ணால் பார்த்திருக்கிறது. வேலையும் போய், காம்பராவும் போய், பிள்ளைகுட்டியோடு எங்கே போவது? மழையிடம் தப்பினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமே.

மத்தியானம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நீயே சொல்லிவிடு என்றேன்.

"நான் யாரு அண்ணே?" என்றாள். "ஸ்டோரு என்னோடதா? அப்பா பட்டது போதாதா? நாளைக்கு எல்லாருக்கும் வேலை போச்சுன்னா, நான் போய் எத்தனை வீட்டுக்கு முன்னாடி நிப்பேன்?"

அவள் திரையின் பக்கம் திரும்பி, தோட்டத்துப் பெட்டியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இன்று மழை எவ்வளவு? லைன் அறுந்து அறுந்து வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. அளவு எழுத வேண்டிய இடத்தில் ஆயாம்மா எழுதி வைத்திருந்தார். 'போத்தல் நிரம்பி வழியுது பாப்பா'.

அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கால்களைப் பெட்டியிலிருந்து கீழே இறக்கி, நேராக உட்கார்ந்து, ஆயாம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் எழுதினாள். எழுத எழுத நான் பின்னால் நின்று படித்தேன்.

'கேட்டேன். பதில் வரல. இனி வராது. பூட்டை உடைச்சுக்கிட்டு எல்லாரும் ஸ்டோருக்குப் போங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க.'

அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு ஒரு யுகம் போலிருந்தது. வரி பச்சையானது. சற்றுக் கழித்து ஆயாம்மாவின் ஒரே சொல் வந்தது. 'போறோம்'. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் பிளேன்டீ வாங்கப் போனேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, வழக்கமாகப் பெரட்டு நடக்கும் நேரத்தில், மலை இறங்கிவிட்டது. லயத்தின் பின்வரிசைக் காம்பராக்கள் இருந்த இடமே தெரியவில்லை. ஆடு மாடு போனது, கட்டில் பெட்டி போனது. ஆள் ஒன்றுகூடப் போகவில்லை.

ஸ்டோர் வாசலில் என்ன நடந்தது என்று ஆயாம்மா பிறகு ஹட்டனுக்கு வந்தபோது சொன்னார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மழையில் பூட்டுக்கு முன்னால் நின்றார்களாம். யாரும் கையை நீட்டவில்லை. அப்போது அவளுடைய அப்பா, காம்பராவை விட்டு வெளியே வராத மனிதர், அலவாங்கோடு, கடப்பாரையைத்தான் அப்படிச் சொல்வோம், மேலே ஏறி வந்திருக்கிறார்.

"யாரு சொன்னதுன்னு கேட்டாரு. ஒங்க மகதான்னு சொன்னேன். கெளாக்கர் சொன்னாரான்னு மறுபடியும் கேட்டாரு. இல்லண்ணே, பதில் வரலைன்னு மக சொல்லிருச்சுன்னேன். சரின்னுட்டு ஒரே போடு."

விசாரணை வந்தது. யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். இவ்வளவு வேகமாகப் பதில் வரும் என்று கேட்டவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சூழ்நிலை அப்படி, பதற்றத்தில் நடந்துவிட்டது என்று ஏதாவது சொல்லித் தப்பும்படி எல்லாரும் சாடை காட்டினார்கள். நான்கூடக் காதோடு சொன்னேன். யோசிச்சுத்தான் சொன்னேன் என்று மறுபடியும் சொன்னாள். ஆட்கள் உயிரோடு இருந்ததால் லயத்தில் யாருக்கும் வேலை போகவில்லை, அவளுடைய அப்பாவிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதிகாரம் இல்லாத விஷயத்தில் தலையிட்டாள் என்று சொல்லி நிறுவனம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. மலை இறங்கிய பிறகும் இப்படிப் பேசுகிறார்களே என்று நான் கொதித்தேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நேருக்கு நேர் நிறுத்திட்டோம்னு சொல்லிட்டாங்கல்ல அண்ணே, அது போதும் என்றாள்.

கடைசி நாள் வந்து மூலையில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமைத் திறந்தாள். இத்தனை காலம் எழுதாமல் விட்டிருந்ததை எழுதினாள். ஒரு நாள் வரை பார்க்கும், அதற்குள் பதில் வராவிட்டால் வரி சிவப்பாகும், 'கேட்டோம், பதில் வரவில்லை' என்று பெட்டியே தோட்டத்துக்குச் சொல்லிவிடும். எழுதி முடித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, "அலுத்துப்போச்சு அண்ணே" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கொழும்புக்குப் போகிறேன் என்றாள். பெட்டியை வைத்திருப்பீர்களா என்று கேட்டாள். நான் 'வைத்திருக்கிறேன்' என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில். முழங்கையில் ஒட்டுப்போட்ட அதே ஸ்வெட்டரோடு படியிறங்கிப் போனாள்.

லயத்துக் குடும்பங்கள் அந்த ஸ்டோரிலேயே தங்கிவிட்டன. தேயிலை வாட்டிய தளத்தில் சேலையையும் சாக்கையும் கட்டித் தடுத்துக்கொண்டார்கள். புது வீடு கட்டித் தருவதாகப் பேச்சு. அதற்கும் விண்ணப்பம் போட்டார்கள், அதுவும் கிடைத்தது. ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. கம்பியூட்டரை ஆயாம்மா ஸ்டோருக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார். மண்ணெண்ணெய்க் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. நானும் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் கடையை மூட முடிவு செய்தேன். எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, என் முழங்காலும் படியேற விடவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த பகலில் மூலையில் மணியடித்தது. 'எங்களுக்கு வீடு கட்டுவாங்களா' என்று ஆயாம்மா கேட்டிருந்தார்.

வரி மஞ்சளானது. நாளை இந்நேரம் அது சிவப்பாகும், சொல்ல வேண்டியதைப் பெட்டியே சொல்லிவிடும், எனக்கொன்றும் இல்லை. அப்படி விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். போக முடியவில்லை. கட்டிய போனை அவிழ்த்து எடுத்தேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இல்லாவிட்டாலும், அவள் கேட்பதைப் போலத்தான் கேட்டேன், இருமல் முடியும்வரை காத்திருந்து. ஒவ்வொரு இடமாகச் சுற்றிவிட்டு, கடைசியில் ஒரு கந்தோரில் யாரோ ஒரு களைத்த மனிதர், அந்தத் திட்டத்தைக் கைவிட்டு ரொம்ப நாளாகிறது ஐயா, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன். 'பார்ப்போம்' என்று விரல் தானாகவே எழுதிவிடுமோ என்று பயமாக இருந்தது. மெதுவாக எழுதினேன்.

'கேட்டேன் ஆயாம்மா. கட்ட மாட்டாங்க.'

அனுப்பினேன். வரி பச்சையானது.